மெழுகம்மா

அப்பாவின் பல் செட்டை வாங்கப் போய்ப் பெண்டாட்டியோடு திரும்பி வந்த ஆள் என்று, துப்பாக்கி சுடும் சங்கத்தில் கட்டைக்காரரைக் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் பாதிக்கு மேல் உண்மைதான். அப்போது அவர் சின்ன வயதுத் தச்சர். பொக்கை வாயான அப்பாவுக்கு, பல் கட்டும் பட்டறை ஒன்றில் செட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வாங்கப் போன அன்று, முழங்கை வரை பிளாஸ்டர் மாவு அப்பிய ஒரு பெண் உள்ளேயிருந்து வந்து, பற்களை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “உங்களுக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல, எங்கப்பாவுக்கு.”

“நல்லவேளை,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் ஆள் விழுந்துவிட்டார். அப்பாவுக்குப் பல் உறுத்துகிறது, ஆடுகிறது, கடிக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்கு நடையாய் நடந்தார். அப்பாவோ அந்தப் பல்லை வைத்துக்கொண்டு எலும்பையே கடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆன சமயத்தில்தான் அவர் மேஜை நாற்காலி வேலையை விட்டுவிட்டு, போட்டிக்குப் போகிறவர்களின் ரைஃபிள்களுக்கு, தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டை செதுக்கும் வேலைக்கு மாறியிருந்தார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. தொழிலின் பெயரே ஆளின் பெயராக ஒட்டிக்கொண்டது.

கட்டை செதுக்குவது கூடப் பெரிய விஷயமில்லை. அதில் ரைஃபிளை உட்கார வைப்பதில்தான் உயிர் போகும். தோட்டா போய் அமரும் எஃகுப் பெட்டியை ஆக்ஷன் என்பார்கள். அது மரத்துக்குள் மயிரிழை ஆடினாலும் குண்டு கன்னாபின்னாவென்று போகும். ஆக்ஷனை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, மரக்குழிக்குள் வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுவார். திரும்பக் கரி, திரும்பச் சுரண்டல். இப்படியே நாள்கணக்கில் போகும். எல்லாம் சரியாக வந்து மூச்சு விடும்போது மழைக்காலம் வரும், மரம் ஊதும், மறுபடி முதலிலிருந்து.

புதுப்பெண் ஒரு வாரம் இதை வாசலில் நின்று பார்த்தாள்.

“எதுக்குங்க இப்படிச் சுரண்டிச் சுரண்டிச் சாகறீங்க? ஈறுல பல்லு உக்கார்ற மாதிரிதானே இது? குழியில பசையை ஊத்தி, இரும்பை அழுத்தி, அச்சு எடுத்துட்டாப் போச்சு.”

வெளியூரில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். கை வைக்கத்தான் பயம்.

“இரும்பும் சேர்ந்து ஒட்டிக்கிச்சுன்னா?”

“ஒட்டாம இருக்கறதுக்குத்தானே நான் இருக்கேன்,” என்றாள்.

அச்சுக்கும் வார்ப்புக்கும் நடுவே ஒரு படலம் போட்டு இரண்டையும் பிரித்து வைப்பது பல் பட்டறையில் அவளுக்குக் கை வந்த வேலை. அன்றைக்கு ஆரம்பித்தது, பிள்ளை பெற்று வளர்த்து, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. குழி வெட்டுவது, ரெசின் பசையும் அதைக் கெட்டிப்படுத்தும் மருந்தும் கலப்பது, ஆக்ஷனை இறக்குவது எல்லாம் அவர் பாடு. திருகாணித் துளைகளைக் களிமண்ணால் அடைப்பதும், ஆக்ஷன் மேல் மெழுகு பூசுவதும் அவள் பாடு. மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் துணியால் தேய்த்து மெருகு, அதன் மேல் இன்னொரு பூச்சு. மூலை முடுக்கு எதையும் விடமாட்டாள். மறுநாள் ஆக்ஷனை எடுக்கும்போது, ரெசினில் எஃகின் சின்னக் கீறல் கூடக் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். சங்கத்துக்காரர்கள் அவளுக்கு மெழுகம்மா என்று பெயர் வைத்தார்கள். அவள் பூசியதை அவர் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியது கூட இல்லை.

டிரைவருடைய ரைஃபிள் வந்தது அப்படிப்பட்ட நேரத்தில்தான். நகரப் பேருந்து ஓட்டுகிற பையன். பையன் என்றால் நாற்பதைத் தொட்டவன்தான், ஆனால் அவர்களை அண்ணே, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே சின்னவனாகிவிட்டவன். குப்புறப் படுத்துச் சுடுவதில் சங்கத்தில் அவனை அடிக்க ஆளில்லை. பழைய ரைஃபிளை விற்றுவிட்டு, பக்கங்கள் தட்டையான புது ஆக்ஷன் ஒன்று வாங்கியிருந்தான். உருண்டையான ஆக்ஷன் மரத்துக்குள் கொஞ்சம் புரளப் பார்க்கும். இது செங்கல் மாதிரி. அடியும் தட்டை, இரண்டு பக்கமும் தட்டை. ஒருதரம் சரியாக உட்கார்ந்தால் அசைக்க முடியாது. ஆபத்தும் அதில்தான். பக்கங்களில் சரிவே கிடையாது, செங்குத்துச் சுவர். ரெசின் பிடித்துக்கொண்டால் கழன்று வர வழியே இல்லை.

டிரைவருக்குக் கழுத்து நீளம், கை குட்டை. விடுமுறை நாட்களில் வந்து பட்டறைத் தரையில் குப்புறப் படுப்பான். கட்டைக்காரர் அவன் கன்னத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செதுக்குவார். “பஸ்ஸுல உக்காந்து உக்காந்து முதுகு வளைஞ்சு போச்சுண்ணே, அதையும் சேர்த்துச் செதுக்கி விட்டுடுங்க,” என்பான். கன்னம் வைக்கும் இடத்தில் கொடிகொடியாக ரேகை ஓடும் நல்ல வால்நட் மரக்கட்டை. தன் கையில் பிறந்ததிலேயே அழகானது அதுதான் என்று கட்டைக்காரருக்கே ஒரு கர்வம் இருந்தது. வருஷத்தின் பெரிய போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

வழக்கம்போல அவள் மேஜையில் வேலையை முடித்து, “ஆச்சுங்க,” என்று நகர்ந்தாள். அவர் ரெசினைக் கலந்து குழியில் பரப்பி, ஆக்ஷனை இறக்கி, பிதுங்கியதைத் துடைத்து, நாடாவால் சுற்றி வைத்தார்.

மறுநாள் காலை நாடாவை அவிழ்த்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். எப்போதும் ‘டொப்’பென்று ஒரு சத்தம் கேட்கும், சோடா மூடி திறந்த மாதிரி. அன்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினார். எஃகைச் சூடாக்கிப் பார்த்தார். ஐஸ் வைத்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆக்ஷன் மட்டும் கூடப் பிறந்தது போல மரத்தோடு இருந்தது.

மேஜையில் அவளுடைய மெழுகுத் துணி கிடந்தது. எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தார். சருகு மாதிரிக் காய்ந்திருந்தது.

“பூசினியா?” என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் ஒன்றுமே புரியாமல் ரைஃபிளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பிறகு அவளே சொன்னாள்: “மெழுகு கெட்டுப் போயிருக்கும்ங்க. இப்பல்லாம் எதுல எதைக் கலக்கறானுங்களோ.”

“இருக்கும்,” என்றார் அவர்.

ரம்பத்தை எடுத்துத் தான் செதுக்கிய கட்டையைத் தானே அறுத்தார். வேறு வழியில்லை, கட்டை போனால் போகட்டும், ஆக்ஷனாவது பிழைக்கவேண்டும். கன்னம் வைக்கும் ரேகை நடுவில் இரண்டாய்ப் பிளந்தது. கடைசிச் சில்லைப் பெயர்த்தபோது தெரிந்தது. அந்தத் தட்டைப் பக்கங்களில் மெழுகின் வாடையே இல்லை.

டிரைவர் சாயங்காலம் வந்தான். மேஜைமேல் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

“என் தப்புதான் தம்பி. மெழுகு போட மறந்துட்டேன்,” என்றார் கட்டைக்காரர்.

உள்ளேயிருந்து அவள் விறுவிறுவென்று வந்தாள். “இவர் எங்க மறந்தாரு? மெழுகு பூசறது நானு. நான் நல்லாத்தான் பூசினேன் தம்பி, டப்பாதான் சரியில்ல. இவர் எதுக்குத் தேவையில்லாம பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கறாருன்னே தெரியல!” டப்பாவைத் தூக்கிக் காட்டி, செய்தவனை வாய்க்கு வந்தபடி வைதாள். டிரைவர் கட்டைக்காரரின் முகத்தை ஒருதரம் பார்த்தான். “விடுங்க அண்ணி, டப்பாவாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, ஆக்ஷனை எடுத்துக்கொண்டு போனான். பெரிய போட்டிக்கு இரவல் ரைஃபிளோடு போய், நடுவில் எங்கோ ஓர் இடம் வாங்கி வந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கட்டைக்காரருக்கு நிம்மதி போயிற்று. கண்ணில் படாமல் இருந்ததெல்லாம் படத் தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிவதை அவள் நின்று வேடிக்கை பார்த்தாள். மகளுடன் தொலைபேசியில் பேசி வைத்துவிட்டு, உடனே திரும்ப அழைத்து அதே நலம் விசாரித்தாள். ஒருநாள் களிமண்ணைத் திருகாணித் துளையில் வைக்காமல் துப்பாக்கிக் குழாயின் வாயில் அடைத்து வைத்திருந்தாள். மறுநாளே ஒரு பிசகும் இல்லாமல் பழையபடி செய்தாள். அதனால் அவரும், தூக்கக் குறைச்சல், வயது, மனக்கவலை என்று தனக்குத்தானே சொல்லிச் சமாளித்தார்.

ஆனால் இன்னொருத்தர் ரைஃபிளைப் பாழாக்க முடியாதே. அவள் பூசிவிட்டு டீ போட உள்ளே போகும் நேரம் பார்த்து, சத்தமில்லாமல் ஆக்ஷனை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, தானும் ஒரு பூச்சுப் பூசினார். திருடன் மாதிரி இருந்தது. அவள் வரும் காலடி கேட்டதும் துணியைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். சில நாள் அவள் பூச்சு மேல் இவர் பூச்சு. சில நாள் இவர் பூச்சு மட்டும்தான்.

ஒருநாள் அவள் டீ போட மறந்து பாதி வழியில் திரும்பி வந்தாள்.

அவர் கையில் துணி. மேஜையில் திறந்த டப்பா.

“எத்தனை நாளா?” என்று கேட்டாள்.

“இன்னைக்குத்தான்... சும்மா, ஒரு சந்தேகம்...”

“இத்தனை வருஷத்துல நான் பூசினதை நீங்க தொட்டதில்ல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப டிரைவர் தம்பியோட துப்பாக்கி?”

“ஆமா.”

“நான் பூசவே இல்லையா?”

“இல்லம்மா.”

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. முகம்தான் சுண்டிப்போயிற்று. “மறந்துட்டடின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிட்டீங்க. நான் ஒரு பைத்தியக்காரி மாதிரி டப்பாவைத் தூக்கிக்கிட்டு அந்தத் தம்பி முன்னாடி கத்திக்கிட்டு நின்னேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நின்னீங்க.”

அவரோ அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளை வரச் சொல்லி, அவளோடு டாக்டரிடம் போய் வந்தாள். டாக்டர் சொன்னதை மகள்தான் அப்பாவிடம் சொன்னாள், அடுப்படியில் நின்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள். நோய்க்குப் பெயர் இருந்தது. திரும்பும் வழி இல்லை, மெதுவாக்கத்தான் மாத்திரை. “அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ப்பா. அவங்கதான் டாக்டரைக் கேள்வி கேட்டுக் குடைஞ்சு எடுத்தாங்க.”

மகள் ஊருக்குப் போன மறுநாள், அவள் வெளியே கிளம்பும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். “பஸ் டெப்போவுக்குப் போகணும். தனியாப் போனாத் திரும்பி வரத் தெரியுமான்னு எனக்கே பயமா இருக்கு. கூட வாங்க.”

டெப்போவில் டீசல் வாடை. டிரைவர் தன் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

“தம்பி, அன்னைக்கு நான் பூசலை,” என்றாள் அவள். “மறந்துபோச்சு. டப்பா மேல தப்பு இல்ல. இவர் மேலயும் இல்ல. ஞாபகம் இருக்கறப்பவே சொல்லிடணும்னு வந்தேன்.”

“தெரியும் அண்ணி.”

“எப்படித் தெரியும்?”

“அண்ணனுக்குப் பொய் சொல்ல வராதே. காது ரெண்டும் தக்காளி ஆயிடுச்சு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வாரமாகக் கேட்காத சிரிப்பு. கட்டைக்காரர் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இவர் புதுக் கட்டை செதுக்கறாரு. நான் இன்னொரு தரம் பூசறேன். நம்பிக் குடுப்பியா?”

“நாளைக்கே கொண்டாறேன்,” என்றான் டிரைவர்.

புதுக் கட்டை முதலாவது அளவுக்கு அழகில்லை, ஆனால் உறுதியான மரம். பூசும் நாளன்று அவள் அவரைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னாள். “ஒளிஞ்சு நின்னு பாக்க வேண்டாம். நேரா நின்னு பாருங்க. விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க.” தட்டைப் பக்கங்கள், அடிப்பக்கம், சுடும்போது வரும் உதையை வாங்கிக்கொள்ளும் எஃகு நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லிப் பூசினாள். நடுவில் ஒருதரம் நின்று, “இடது பக்கம் ஆச்சா?” என்று கேட்டாள். “ஆச்சு,” என்றார். இன்னொருதரம் ஒரு திருகாணியை விட்டுவிட்டாள். “அது விட்டுப்போச்சு,” என்றார். அவள் கோபப்படாமல் எடுத்துப் பூசினாள்.

மறுநாள் ஆக்ஷன் முதல் தட்டிலேயே கழன்று வந்தது. அவள் ரெசினை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, “இனிமே வேண்டாங்க,” என்றாள். அதன் பிறகு மெழுகு டப்பாவைத் தொடவில்லை.

ஒன்றிரண்டு வருஷம் அவள் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்குப் பேச்சுத் துணையாக இருந்தாள். பேச்சு குறைந்தது. பிறகு சுத்தியல் சத்தம் கேட்டாலே பயந்து காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் சாமான்களையெல்லாம் சங்கத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினார். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தாள். வேலையை ஒரேயடியாக விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் அந்தக் கொட்டகையில் இருக்கும் நேரம்தான் அவர் மூச்சு விடும் நேரமாக இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டார், ஆனாலும் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தலை வாரிவிடுவார், சோறு ஊட்டுவார். சில நாள் அவரை அந்தப் பல் பட்டறை முதலாளி என்று நினைத்துக்கொண்டு, “ஐயா, மாவு தீந்துபோச்சு,” என்பாள். “நாளைக்கு வாங்கிடலாம்மா,” என்பார். அன்று அவர் பொய் சொல்லியதற்குக் கோபப்பட்டவளிடம், இப்போது நாள் முழுக்கப் பொய்தான் சொல்லவேண்டியிருந்தது.

சளிக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. தேறிவிட்டாள் என்று டாக்டர் சொன்ன இரண்டொரு நாளில், ஒரு முற்பகல், கொட்டகையில் யாரோ ஒருவருடைய ரைஃபிளுக்கு ரெசினைக் கலந்து பரப்பி முடித்திருந்தார். போன் அடித்தது. “மூச்சு ஒரு மாதிரி இருக்கு, உடனே வாங்க,” என்றாள் நர்ஸ்.

“வந்துட்டேன்,” என்றார்.

கலந்த ரெசின் காத்திருக்காது. யோசிக்கவில்லை, கைதான் செய்தது. ஆக்ஷனை எடுத்து நேராகப் பிடித்து இறக்கினார். பிதுங்கியதைத் துடைத்தார். நாடாவைச் சுற்றினார். அதன் பிறகுதான் தன்னை யாரோ உலுக்கிவிட்டது போல இருந்தது. கையைக் கூடத் துடைக்காமல் ஓடினார்.

வீட்டு வாசலில் நர்ஸ் நின்றிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

“நான் போனை வைக்கறதுக்குள்ளேயே அடங்கிடுச்சுங்க. நீங்க பறந்து வந்திருந்தாலும் பாத்திருக்க முடியாது,” என்று அவள் பலமுறை சொன்னாள். மகளும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவருக்கு இரக்கப்பட்டுத்தான் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தன் விரலிடுக்கில் இருந்த ரெசின் இறுகிக்கொண்டிருந்ததை உணர்ந்தார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, மகளும் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்து ஊருக்குப் போன பிறகு, டிரைவர் கொட்டகைச் சாவியைக் கேட்டு வாங்கிப் போனான். அந்த ரைஃபிளை அவனே கழற்றி, உரியவரிடம் சேர்த்துவிட்டு வந்தான்.

“சுத்தமா வந்துச்சுண்ணே,” என்றான். “ஒரு குமிழி கூட இல்ல.”

கட்டைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போன் வந்ததையும், தான் என்ன செய்தார் என்பதையும் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லாத விஷயம். “அவ அங்க மூச்சுக்குத் திண்டாடிக்கிட்டு இருக்கா. நான் இங்க நாடா சுத்திக்கிட்டு இருந்தேன்டா.”

டிரைவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். “எனக்கு ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப அப்படி ஒரு போன் வந்தா, நடுரோட்டுல நிறுத்திட்டு ஓடமாட்டேண்ணே. அடுத்த ஸ்டாப்புல எல்லாரையும் இறக்கி விட்டுட்டுத்தான் ஓடுவேன். அதுக்காக எனக்கு வீடு பெருசில்லன்னு ஆயிடுமா? கை பழகிடுச்சு, அவ்வளவுதான்.”

கொட்டகைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“எனக்கு இப்ப டூட்டி. வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? சட்டையை மாத்திக்கிட்டு வாங்க, சும்மா வண்டியில உக்காருங்க.”

சட்டையை மாற்றிக்கொண்டு போனார். டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தபோது, “நம்ம அண்ணன்,” என்று டிரைவர் திரும்பாமலே சொன்னான். ஆனாலும் அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பழப்பையோடு ஏறினார்கள், சந்தையில் இறங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு கூட்டம் ஏறிக் கத்திவிட்டுப் போயிற்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்மணி அவர் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு, விழித்து, “மன்னிச்சுக்குங்கய்யா,” என்றாள். “பரவால்லம்மா, தூங்குங்க,” என்றார். அவளும் இறங்கிப் போன பிறகு கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், இத்தனை நாளும் வராத அழுகையை அழுதார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினான்.